கடலோரம் தங்கும் உள்ளான்கள்

(காப்பார் வட்டாரத் தோட்ட மக்களிடையே நிகழ்த்திய உரை)



காப்பாருக்கு மேற்கே உள்ள கடற்கரை மணற்கரை அன்று. சேறும் கண்டல் காடும் நிறைந்த கரை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு அங்கே செல்லும் நம்மவர், சேற்றில் கூட்டங்கூட்டமாய் ஓடி இரை தேடும் பழுப்புநிறப் பறவைகளைக் கண்டிருப்பர். நாம் பொதுவாக உள்ளான் என்கிறோம். மலாய்க்காரர் கெடிடி என்பர். இவற்றுள் பெரும்பாலானவை நம் நாட்டில் முட்டையிடுவதில்லை. சைபீரியா, மங்கோலியா, திபெத்து முதலிய குளிர்நாடுகளில் குஞ்சு பொரித்து, ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் இங்கு வந்து, மார்ச்சு, ஏப்ரலில் திரும்புகின்றன.

இவற்றுள் ஒன்றான மணல் உப்புக்கொத்தியின் எடை ஏறக்குறைய ஒரு கோழிமுட்டையின் எடைதான். இத்தனை சிறிய உடல் மலைகளையும் கடல்களையும் கடப்பது எவ்வாறு?

பறவையின் உடலில் வீண் சுமை இல்லை. எலும்புகள் பல உள்ளே குழலாக இருக்கும். வலுவுக்காகக் குறுக்கே மெல்லிய தாங்கிகள் உண்டு. கனத்த தாடையும் பல்லும் இல்லை. அரைக்கும் வேலையை வயிற்றிலுள்ள அரைவைப்பை செய்கிறது. கோழி அறுக்கும்போது நாம் கழுவி எடுக்கும் கல்லீரலுக்கு அருகில் இருக்கும் அந்தக் கெட்டியான சதையே அது. மூச்சு விடும் முறையோ நம்முடையதினும் மேலானது. நம் நுரையீரலில் பழங்காற்றும் புதுக்காற்றும் கலந்துவிடும். பறவைக்கு நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் உண்டு. பெரும்பாலான இனங்களில் அவை 9. துருத்திபோல் இயங்கி, காற்றை நுரையீரலுக்குள் ஒரே திசையில் செலுத்துகின்றன. ஆகவே மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று கிடைக்கிறது. பல நாள் இடைவிடாமல் சிறகடிக்க இதுவே துணை.

எரிபொருள் கொழுப்பு. நம் கரைக்கும் வருகின்ற பட்டைவால் மூக்கான் இனத்தைச் சேர்ந்த இளம்பறவை ஒன்று, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. புறப்படுமுன் இவ்வினப் பறவைகள் கொழுப்பை நிறையச் சேர்த்துக்கொண்டு, குடலையும் அரைவைப்பையையும் சுருக்கிக்கொள்கின்றன. பயணத்திற்குத் தேவையற்றதை உடலே குறைத்துவிடுகிறது!

இனி, நம்மோடு தொடர்புடைய செய்திக்கு வருவோம். ஓதம் வற்றும்போதுதான் இவற்றுக்கு உணவு. கடல் பெருகினால் சேற்றுவெளி மூழ்கிவிடும். அந்தச் சில மணி நேரம் உலர்ந்த, திறந்த இடத்தில் ஒன்றாய் நின்று இளைப்பாற வேண்டும். காப்பாரில் அவை தேர்ந்துகொண்ட இடங்களுள் ஒன்று, மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பற் குளங்கள். மனிதன் கழிவைக் கொட்டிய இடம் அரிய பறவைகளுக்குப் படுக்கையானது விந்தைதான். கண்டலை அழித்துக் கரையை அடைத்த பின் அவற்றுக்கு வேறு போக்கிடம் குறைவு என்பதும் உண்மை. உலகில் சில ஆயிரத்துக்கு மேல் இல்லாத நார்ட்மன் பச்சைக்காலி என்னும் இனமும் அங்கே காணப்பட்டிருக்கிறது.

அந்த நேரத்தில் நாய் துரத்தினாலும், இளைஞர் மோட்டார் சைக்கிளை ஓட்டிச் சென்றாலும், விளையாட்டாய்க் கல்லெறிந்தாலும் ஆயிரம் பறவையும் ஒருசேர எழும்பும். நமக்கு அது அழகிய காட்சி. பறவைக்கோ ஒவ்வோர் எழும்பலும் சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு செலவு. மார்ச்சு மாதத்தில் அவ்வாறு அடிக்கடி கலைக்கப்பட்ட பறவை, போதிய கொழுப்பின்றிக் கிளம்பினால், வழியிலே தளர்ந்து விழக்கூடும். வலை விரிப்பது அதனினும் கொடிது. பாதுகாக்கப்பட்ட பறவைகளைப் பிடிப்போர் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்கு உள்ளாவர்.

பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் ஓதம் வற்றிய பின் செல்லலாம். அப்போது பறவைகள் கரையைவிட்டுச் சேற்றில் பரவியிருக்கும். தொலைவில் நின்று பார்த்தால் மருளா. வளைந்த நீள மூக்குடைய கோட்டான், கண்ணுக்குத் தெரியாத இரையையும் சேற்றுக்குள்ளிருந்து இழுத்தெடுப்பதைக் காட்டுங்கள். அதன் மூக்கு நுனியில் தொட்டுணரும் நரம்புகள் செறிந்துள்ளன. சில பறவைகளின் காலில் சிறு வண்ணத் துண்டு கட்டியிருக்கும். எந்தக் காலில் எந்த நிறம் என்பதைக் குறித்துக்கொண்டு வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள். அது எந்த நாட்டில் கட்டப்பட்டது என்பதை அந்த நிறமே சொல்லிவிடும்.