புதுத் தொட்டியில் மீன் விடுமுன்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், மின்சார ஃபியூஸ் கட்டை முதல் பொம்மை வரை சூளையிலிருந்து வெளிவருவதைப் பார்க்கலாம். கொல்லையில் மீன்தொட்டி கட்ட நினைப்பவர்களுக்கு இந்த ஊர்ச் சரக்கு நல்ல துணை. 1,000 டிகிரிக்கு மேல் நன்றாக வெந்த களிமண், தண்ணீரில் கரைவதில்லை. உடைசலைப் போட்டால் கூர் விளிம்பை மட்டும் தேய்த்துவிடுங்கள், மீனைக் கிழித்துவிடும். பூச்சில் ஈயம் கலந்த மலிவுச் சாமான் வேண்டவே வேண்டாம்.

வில்லங்கம் சிமெண்டில்தான். புதுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கசிந்து, தண்ணீரின் பி.எச். அளவு 11-ஐக்கூடத் தாண்டிவிடும். மீன்களுக்குத் தோதானது 6.5 முதல் 8.5 வரை. அதற்கு மேல் ஏறினால் முதலில் அடிபடுவது செவுள். தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, நறுக்கிய வாழைத்தண்டை ஊறப்போட்டு, வடித்து வடித்து மாற்றுவது நம் பக்கத்து வழக்கம். நாற்றம் குடலைப் பிடுங்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கடையில் பி.எச். காகிதம் கிடைக்கிறது, வாழைத்தண்டைவிட எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை.

செம்புக் குழாயும் துத்தநாகம் பூசிய தகடும் தொட்டிக்குள் ஆகாது. கோயில் குளத்தில் செப்புக்காசு போட்டார்களே என்பீர்கள். குளத்துத் தண்ணீர் எவ்வளவு, உங்கள் தொட்டித் தண்ணீர் எவ்வளவு! கரையில் கருங்கல் பதியுங்கள். கரையான் மருந்து அடித்த பலகையை அண்டவிடாதீர்கள். மழையில் வழிகிற மருந்து நேரே தொட்டிக்குள்தான் இறங்கும்.