தீட்டும் தேதியும்

(திருச்சுழியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டவுடனே முன்வரிசையில் உள்ள ஆண் தோழர்கள் சிலர் தலையைக் குனிந்து கொள்ளுகிறார்கள். குனிய வேண்டியதில்லை. நாம் எல்லோரும் எந்த இடத்தில் பத்து மாதம் குடியிருந்து வெளியில் வந்தோமோ, அந்த இடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். குடியிருந்த வீட்டைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறவன், அந்த வீட்டுக்குத் தீட்டு என்று பெயர் வைக்க மாத்திரம் வெட்கப்படாமலிருந்தது எப்படி என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டத்துக்கு முன் தாய்மார்கள் எழுதி அனுப்பிய சீட்டுகளில் ஒரே கேள்வி பல விதமாக வந்திருக்கிறது. "ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போக வேண்டும், அன்றைக்குத் தூரமாகிவிடும் போலிருக்கிறது, முன்னாலேயே வரவழைக்க என்ன செய்வது?" என்பது ஒன்று. "அருப்புக்கோட்டைப் பங்குனிப் பொங்கலுக்கு" என்பது மற்றொன்று. "மகளுக்குக் கலியாணம் வைத்திருக்கிறோம்" என்பது வேறொன்று. இந்தக் கேள்வியைக் கேலி செய்ய நாம் வரவில்லை. இதைக் கேட்க இடமில்லாமல்தான் நம் பெண்கள் பக்கத்து வீட்டில் கேட்டு எள்ளை இடித்துத் தின்கிறார்கள். மருந்துக் கடையில் பெயர் தெரியாத மாத்திரையை வாங்கி விழுங்குகிறார்கள். ஆகவே முதலில் இது என்ன என்பதைச் சொல்லிவிட்டு, பிறகு முன்கூட்டி வரவழைப்பது என்ற சங்கதிக்கு வருகிறோம்.

இது ஏன் வருகிறது என்பதற்குப் பாகவதம் ஆறாவது ஸ்கந்தத்தில் ஒரு காரணம் சொல்லியிருக்கிறது. இந்திரன் தனக்குக் குருவாயிருந்த விசுவரூபனைக் கொன்றுவிட்டானாம். அதனால் பிரம்மஹத்தி பிடித்ததாம். அதை நாலு பங்காக்கி பூமி, மரம், தண்ணீர், பெண்கள் என்ற நாலு பேர் தலையில் கட்டிவிட்டானாம். பூமிக்கு வந்த பங்கு உவர் நிலம். மரத்துக்கு வந்த பங்கு பிசின். தண்ணீருக்கு வந்த பங்கு நுரை. பெண்ணுக்கு வந்த பங்கு மாதவிலக்கு. தைத்திரீய சங்கிதையிலும் இதே கதை மூன்று பங்காக இருக்கிறது.

கொலை செய்தவன் ஆண், செத்தவன் ஆண், தண்டனை அனுபவிக்கிறவள், அந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத பெண்! இந்த நியாயம் ஒருபுறமிருக்கட்டும். பங்கு வாங்கிய மற்ற மூவரின் கதி என்ன? உவர் நிலம் பிரம்மஹத்தி என்றால் நம் திருச்சுழிச் சீமையில் பாதிப் பேர் நடந்து வந்த காலைக் கழுவாமல் எந்தக் கோயிலுக்குள்ளும் போகக்கூடாது. நுரை பிரம்மஹத்தி என்றால் ஆற்றில் புது வெள்ளம் வருகிறபோது யாரும் அதில் முழுகிப் புண்ணியம் தேடக்கூடாது. பிசின் பிரம்மஹத்தி என்றால் சாம்பிராணியும் குங்கிலியமும் என்ன? மரத்துப் பிசின்தானே! மரத்தின் பிரம்மஹத்தி கர்ப்பக்கிரகத்துக்குள்ளே சாமியின் மூக்கு வரைக்கும் போகலாம். பெண்ணின் பிரம்மஹத்தி மாத்திரம் வாசற்படி ஏறக்கூடாது என்றால், இது சாஸ்திரமா, அல்லது வாயில்லாதவள் தலையில் பாரம் ஏற்றுகிற சூழ்ச்சியா என்று யோசித்துப் பாருங்கள்.

மேலும், சாமிகளுக்குள்ளேயே இதில் ஒரே அபிப்பிராயம் இல்லை. மேல்மருவத்தூரில் பெண்கள் எந்த நாளிலும் உள்ளே போகலாம் என்றார்கள். அம்மன் கோபித்துக் கொள்ளவில்லை. அஸ்ஸாமில் காமாக்கியா கோயிலில் ஆனி மாத வாக்கில் அம்மனுக்கே விலக்கு என்று மூன்று நாள் கதவை அடைத்து, பிறகு சிவப்புத் துணியைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். கேரளத்தில் செங்கன்னூரிலும் அம்மனுக்கு இதே திருவிழா. அம்மனுக்கு வந்தால் பிரசாதம், அம்மாளுக்கு வந்தால் தீட்டு! இதைவிட வேடிக்கை உலகத்தில் உண்டா?

நிற்க. உண்மையான காரணத்தைச் சொல்லுகிறோம். இவ்வூரில் 1879-ல் பிறந்த ரமணர், தான் யார் என்று ஒவ்வொருவரும் விசாரிக்க வேண்டும் என்றார். அவ்வளவு பெரிய விசாரணைக்கு நாம் போகவில்லை. "இன்று எத்தனையாவது நாள்?" என்று ஒரு பெண் தன்னைக் கேட்டுக்கொள்ளத் தெரிந்தால் போதும் என்கிறோம்.

ரத்தம் காணும் முதல் நாளை ஒன்று என்று எண்ண வேண்டும். அன்று முதல் அடுத்த முறை வருவதற்கு முந்தின நாள் வரைக்கும் ஒரு சுற்று. இருபத்தெட்டு நாள் என்பது பொதுக் கணக்கு. 21 முதல் 35 நாள் வரைக்கும் எது இருந்தாலும் குற்றமில்லை. வயதுக்கு வந்த புதிதில் சில ஆண்டுகள் 45 நாள் வரைக்கும்கூடப் போகலாம்.

இந்தச் சுற்றில் இரண்டு பாதிகள் உண்டு. முதற்பாதியில் சினைப்பையில் ஒரு முட்டை முதிர்கிறது. கருப்பையின் உட்புறத்தில் ஒரு மெத்தை வளர்கிறது. மழை வரும் என்று கரிசலை உழுது வைப்பது போன்ற ஆயத்தம் இது. பிறகு ஒரு நாள் முட்டை வெளிப்படுகிறது. முட்டை இருந்த இடம், புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பைச் சுரந்து அந்த மெத்தையைக் காப்பாற்றி வைக்கிறது. அதற்கு ஆயுள் ஏறக்குறைய பதினாலு நாள்தான். கரு தங்கினால் சுரப்பு தொடர்ந்து நிற்கும். தங்காவிட்டால் சுரப்பு இறங்கும். இறங்கினதும் மெத்தை பெயர்ந்து ரத்தத்தோடு வெளியேறும். மொத்தத்தில் போகிற ரத்தம் சாதாரணமாக 30, 40 மில்லி, அதாவது இரண்டு மூன்று மேஜைக் கரண்டி. குழந்தைக்கு வேண்டியிருந்தால் அதற்குப் படுக்கையாக இருந்திருக்கக்கூடியதைத்தான் நாம் அசிங்கம் என்கிறோம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான சங்கதி விளங்கும். தேதி முன்னே பின்னே போவது பெரும்பாலும் முதற்பாதியில்தான். பட்டினி, காய்ச்சல், மனக்கவலை, ஓயாத வேலை, தைராய்டுக் கோளாறு, சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இவைகளால் முட்டை வெளிப்படுவது தாமதிக்கும்; அதனால் விலக்கும் தாமதிக்கும். முட்டை வெளிப்பட்டு விட்டாலோ, அதற்கு மேல் பதினாலு நாள் என்பது உடம்பு போட்ட தவணை.

வைத்தியர்களும் இதை ஆதியிலேயே அறிந்திருக்கவில்லை. மனித முட்டையைப் போன்ற பாலூட்டிகளின் முட்டையைப் பேயர் என்பவர் கண்டது 1827-ல். முட்டை எந்த நாளில் வெளிப்படுகிறது என்பதை ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னௌஸும் 1920-களில்தான் கணக்கிட்டார்கள். அதே காலத்தில், 1920-ல், ஷிக் என்ற பெரிய வைத்தியரே, விலக்கான பெண் தொட்ட பூ வாடுகிறது, அவள் உடம்பில் நஞ்சு இருக்கிறது என்று எழுதினார். பிறகு சோதித்துப் பார்த்தார்கள்; அது நிலைக்கவில்லை; தள்ளிவிட்டார்கள். விஞ்ஞானத்துக்கும் புராணத்துக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். விஞ்ஞானமும் தப்புச் செய்யும். தப்பென்று தெரிந்தால் விட்டுவிடும்.

இனி, முன்கூட்டி வரவழைப்பதைப் பற்றி.

எள்ளும் கருப்பட்டியும், பப்பாளி, அன்னாசி, கருஞ்சீரகம், ஓமம் என்று ஊருக்கு ஒரு யோசனை சொல்லுகிறார்கள். எள்ளுருண்டை நல்ல பண்டம், தாராளமாகத் தின்னுங்கள். பழுத்த பப்பாளியும் நல்ல பழம். ஆனால் இவைகள் தேதியை முன்னே தள்ளும் என்பதற்கு மனிதரிடத்தில் சோதித்து நிரூபித்த ஆதாரம் இல்லை. பப்பாளிக் காயின் பால் எலியின் கருப்பையைச் சுருங்கச் செய்தது என்று சோதனைச் சாலையில் கண்டிருக்கிறார்கள். அதைக்கொண்டு பெண்ணின் தேதி மாறும் என்று சொல்ல முடியாது. "எனக்குப் பலித்ததே!" என்று ஒரு தாயார் சொல்லலாம். தானாக வர வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முந்தித் தின்றால் பலிக்காமல் என்ன செய்யும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

தேதியை உண்மையில் மாற்றக்கூடியது சுரப்பு மருந்து ஒன்றுதான். அதுவும் இயற்கை செய்கிற வழியிலேயே செய்கிறது. மருந்து உள்ளே இருக்கிற வரைக்கும் மெத்தை நிற்கிறது. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில், சிலருக்கு ஒரு வாரத்தில், வந்துவிடுகிறது. முன்னாலேயே வர வேண்டுமானால், அதற்கு முந்தின சுற்றிலேயே மருந்தைத் தொடங்கி முன்னதாக நிறுத்த வேண்டும். நாளைக்குத் திருவிழா, இன்றைக்குக் கடைக்கு ஓடினால் ஆகாது. ஒரு மாதம் முன்னால் வைத்தியரிடம் போக வேண்டும். தள்ளிப் போடுவதற்குக் கொடுக்கும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையும் வைத்தியர் சீட்டின்மேல் விற்க வேண்டியதே. ரத்தம் உறைந்த நோய், ஈரல் நோய், அதிக ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், பால் கொடுக்கிற தாய்மார்களுக்கும் இதில் சில மருந்துகள் ஆகவே ஆகா. இதையெல்லாம் விசாரிக்காமல் கொடுக்கிறவன் வைத்தியனல்ல.

மாத்திரை என்றதும் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில், வயிற்று வலி என்ற பெண்களுக்கு விடுப்புக் கொடுக்காமல், பெயர்ச் சீட்டே இல்லாத மாத்திரையைக் கொடுத்து வேலை வாங்கிய சங்கதியை 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையார் வெளிப்படுத்தினார்கள். கோயிலுக்காகத் தேதியை மாற்று என்கிறான் ஒருவன். உற்பத்திக்காக வலியை மறை என்கிறான் மற்றொருவன். உடம்புக்குச் சொந்தக்காரியை மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

மற்றொரு சங்கதி. "வரவழைக்க வேண்டும்" என்று கேட்கிற சில பெண்கள் மனத்தில் உள்ளது திருவிழா அல்ல. நாள் தள்ளிப் போய்விட்டதே என்ற பயம். அவர்களுக்குச் சொல்லுகிறோம்: எருக்கங்குச்சி, காரமான கஷாயம் என்று எதையும் தொடாதீர்கள். அந்த வழியில் போய்ச் செத்தவர்கள் உண்டு. நாள் தள்ளினால் முதலில் செய்ய வேண்டியது மூத்திரப் பரிசோதனை. கர்ப்பம் என்றால், வேண்டாதவர்களுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் 2021-ஆம் ஆண்டுத் திருத்தமும் இருக்கின்றன. 20 வாரம் வரைக்கும் ஒரு வைத்தியரின் அபிப்பிராயமும், சட்டம் சொல்லுகிற சில வகையினருக்கு 24 வாரம் வரைக்கும் இருவரின் அபிப்பிராயமும் போதும். கலியாணம் ஆகாதவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. கர்ப்பத்தடையைப் பெண்ணின் சுதந்திரத்துக்காகவே வேண்டும் என்று பெரியார் "பெண் ஏன் அடிமையானாள்?" புத்தகத்தில் வாதாடியதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே! இனி ஆண்களுக்குச் சொல்லுகிறோம். பரீட்சை, பிரயாணம், பந்தயம் என்று ஒரு பெண் தன் சவுகரியத்துக்காகத் தேதியை மாற்ற விரும்பினால், வைத்தியரைக் கேட்டு மாற்றிக்கொள்ளட்டும்; அது அவள் இஷ்டம். ஆனால் கோயில் வாசலில் ஒருவன் நிற்கிறான் என்பதற்காக அவள் ஏன் மருந்து தின்ன வேண்டும்? மாற்ற வேண்டியது அவள் உடம்பிலிருக்கிற தேதியையா, வாசலில் எழுதாமல் எழுதி வைத்திருக்கிற விதியையா?

இந்த விதி செய்கிற கொடுமை சாமானியமல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டைப் பக்கத்தில், வயதுக்கு வந்த ஒரு சிறுமியைத் தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் சாய்ந்து குடிசைமேல் விழுந்து அவள் செத்தாள். புயலா கொன்றது? நமக்குப் பக்கத்திலேயே, மதுரை ஜில்லா டி.கல்லுப்பட்டி வட்டாரத்துக் கூவலாபுரத்தில், விலக்கான பெண்களுக்கென்று முட்டுத்துறை என்ற தனி வீடு இருப்பதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. 2025 ஏப்ரலில் கோவை ஜில்லாவில் ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுமியைப் பள்ளிக்கூடப் படியில் உட்கார வைத்துப் பரீட்சை எழுத வைத்தார்கள். 1931-ல் இதே சீமையில் விருதுநகரில் சுயமரியாதை மாகாண மாநாடு கூட்டியவர்கள், தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகியும் இது நடக்கும் என்று நினைத்திருப்பார்களா? சாதித் தீட்டும் மாதத் தீட்டும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள். சபரிமலை வழக்கில் 2018-ல் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளில் ஒருவரே, இந்த விலக்கும் தீண்டாமையில் சேர்ந்ததுதான் என்று எழுதினார். அந்த மரத்தின் ஒரு கிளையை வெட்டி மற்றொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் சுயமரியாதைக்காரனாக மாட்டான்.

ஆகவே காரியத்தில் செய்ய வேண்டியது இது. வீட்டு நாட்காட்டியில் பெண்கள் முதல் நாளைக் குறித்து வையுங்கள், மறைக்க வேண்டாம். துணி வைத்துக்கொள்ளுகிறவர்கள் அதைச் சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் உலர்த்துங்கள். நம் சீமையில் தண்ணீருக்குப் பஞ்சமுண்டு, வெயிலுக்குப் பஞ்சமில்லை. கட்டிலுக்கு அடியிலும் கூரையிடுக்கிலும் ஒளித்து உலர்த்தினால்தான் நோய். ஒரு வாரத்துக்கு மேல் நில்லாமல் போனாலும், மணிக்கொரு துணி நனைந்தாலும், மூன்று மாதம் வராமலே இருந்தாலும், பதினைந்து வயதாகியும் வயதுக்கு வராவிட்டாலும், நின்று ஒரு வருஷம் கழித்து மறுபடி கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் நம் மாகாணத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று கண்டிருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது இரும்புச் சத்தும் வயிறாரச் சோறும். மூலையில் தனிப்பாய் அல்ல.

ஆண்களே! உங்களுக்கு ஒரே வேலை. அந்த மூன்று நாளும் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். முடிந்தால் நீங்களே ஒரு செம்பு வெந்நீர் வைத்துக் கொடுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதைப் பார்த்து வளருகிற உங்கள் மகள், திருவிழாவுக்காக மாத்திரை தேடமாட்டாள்.