பால் கணக்கு எழுதப் படிக்கப் போன பெண்



நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் காதில் விழும் ஒரு பெயர் உண்டு: முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. பணம் எப்போது வரும் என்று கேட்கிறோம். அந்த முத்துலட்சுமி எந்த ஊர்ப் பெண் என்று கேட்டிருக்கிறோமா? 1886-இல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர்!

பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் போதும், தமிழ் மட்டும் படிக்கட்டும் என்றுதான் அப்பா நாராயணசாமி பள்ளிக்கு அனுப்பினார். வாத்தியாரோ அவருக்குத் தெரியாமல் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்துவிட்டார்! வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றது, படிப்பு நிற்கவில்லை. வீட்டிலிருந்தே படித்து, 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்து, ஆண்கள் மட்டுமே படித்த நம் மன்னர் கல்லூரி. விண்ணப்பம் போனதும் எதிர்ப்பு கிளம்பியது. பெண் என்பது ஒரு குற்றம். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பது இன்னொரு குற்றம். பையன்கள் கெட்டுப்போவார்களாம்! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொள்ளச் சொன்னார். வகுப்பில் இவருக்கும் பையன்களுக்கும் நடுவே திரை கட்டினார்கள்.

அதே காலத்தில் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், பையன்கள் பள்ளியில் இருக்கும் வயதில் சென்னையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். அவர் வயதுக்கு முந்திக் கல்லூரிக்குப் போனவர். அவருக்கு யாரும் திரை கட்டவில்லை. முத்துலட்சுமி காலத்துக்கு முந்திப் போனவர், அதனால்தான் திரை.

திரைக்குப் பின்னால் பாடம் கேட்டவர் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் டாக்டர் ஆனார். சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது.

அறிவு அவருடையது. ஆனால் இடையில் ஒரு வாத்தியார் இருந்தார், ஓர் அப்பா இருந்தார், ஒரு மன்னர் இருந்தார். இந்தச் சபையில் மன்னர் யாருமில்லை. வாத்தியார்கள் இருக்கிறீர்கள்; அப்பாக்கள் இருக்கிறீர்கள். பிளஸ் டூ முடித்தவளை "படித்தது போதும்" என்று உட்கார வைத்த வீடு உங்கள் தெருவில் இருந்தால், நாளைக் காலையிலேயே போய்ப் பேசுங்கள். கல்லூரிச் சேர்க்கையின் கடைசித் தேதி யாருக்காகவும் காத்திருக்காது.