வீட்டில் பார்த்த முகம்



வரப்போகிற ஒரு படத்துக்குச் சின்னத்திரைப் பெயர் பலமா, பாரமா? பலம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர், "வீட்டிலே சும்மா பார்த்த முகத்தைக் காசு கொடுத்து யார் பார்ப்பா?" என்று கேட்டார். அய்யா, வீட்டிலே தினமும் சோறு சாப்பிடுகிறோம். அதற்காகக் கல்யாணப் பந்தியிலே சோறு போட்டால் எழுந்தா போய்விடுகிறோம்? (சிரிப்பு)

'லொள்ளு சபா'வில் சினிமாக்காரர்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த சந்தானத்தை, 2004-இல் 'மன்மதன்' படத்துக்குக் கூட்டிப் போனது அதே சினிமாதான். 'கலக்கப்போவது யாரு' மேடையில் மிமிக்ரி செய்த சிவகார்த்திகேயன், 2012-இல் 'மெரினா'வில் கதாநாயகன் ஆனபோது, "இந்தப் பையனா?" என்றவர்கள் உண்டு. அந்தப் பையன்தான் 2024-இல் 'அமரன்' படத்தில் மேஜர் முகுந்த் வரதராஜனாக நின்றார். 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துக் காட்டியவர்கள்தான் 'பீட்சா' எடுத்த கார்த்திக் சுப்புராஜும், 'சூது கவ்வும்' எடுத்த நலன் குமரசாமியும். சில நிமிடத்தில் கதை சொல்லிப் பழகியவன் இரண்டரை மணி நேரத்தை வீணாக்க மாட்டான்.

"சீரியல்காரர் இழுப்பாரே?" என்று அடுத்து வருபவர் கேட்பார். என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

'மெட்டி ஒலி' ஓடிய காலம். ஐந்து பெண் பிள்ளைகளைப் பெற்ற அப்பாவின் கதை. எங்க அப்பா சீரியலே பார்க்க மாட்டார். ஆனால் அந்த நேரத்துக்கு மட்டும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருப்பார். பக்கம் திரும்பவே திரும்பாது! (கைதட்டல்) 2006-இல் அந்தத் தொடரை எடுத்த திருமுருகன் 'எம் மகன்' என்று படம் எடுத்தார். வருஷக் கணக்காகத் தியேட்டர் வாசலை மிதிக்காத மனுஷன், "கோபி எடுத்த படமாமே, கிளம்புங்க" என்றார்.

படத்திலே நாசர் கண்டிப்பான அப்பா. மகனைத் தொட்டதற்கெல்லாம் அடிப்பார், திட்டுவார். தியேட்டரே சிரிக்கிறது. எங்க அப்பா சிரிக்கவில்லை. என் தம்பியும் சிரிக்கவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "ஏண்டா, நானும் உன்னை அப்படித்தான் வெச்சிருந்தேனா?" தம்பி பதில் சொல்லவில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து, "தோசை ஊத்தவா?" என்றாள்.

வேறு யார் பெயர் போட்டிருந்தாலும் எங்க அப்பா அந்தப் படத்துக்குக் கிளம்பியிருக்க மாட்டார், நடுவர் அவர்களே. வீட்டுக்குள் வந்து போன ஆள் கூப்பிட்டதாலே போனார்.

எல்லாப் படமும் ஓடியது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 'மர்மதேசம்' எடுத்து ஊரையே நடுங்க வைத்த நாகா, 2010-இல் 'ஆனந்தபுரத்து வீடு' எடுத்தார். பேயைக்கூடப் பாசமாகக் காட்டிய படம். பெரிதாக ஓடவில்லை. அது டி.வி. செய்த குற்றமா? பெரிய திரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் படமெல்லாம் நூறு நாளா ஓடுகிறது?

எதிரணித் தலைவர் சிரிக்கிறார். போன வாரம் இவரே என்னிடம், "டி.வி.யிலே பார்த்த பையன் படம் வருதாமே, முதல் நாளே டிக்கெட் கிடைக்குமா?" என்று கேட்டார்... நடுவர் மணி அடிக்கிறார். டிக்கெட் கிடைத்ததா என்று அவரே வந்து சொல்லட்டும்.