வீட்டு வசதி வாரியமும் குடியிருப்போரும்

டோம்பிவிலி ரயில் நிலையத்தில் காலை ஏழரை மணி மின்சார வண்டிக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தில் தமிழ் பேசுவோரை விசாரித்தால், பெரும்பாலோர் முன்பு வேறோர் இடத்தில் குடியிருந்தவர்கள் என்பது தெரிய வரும். மாதுங்காவில் ஓர் அறையில் பிறந்தவர்கள் சிலர். செம்பூரில் வாடகைக்கு இருந்தவர்கள் சிலர். தாராவியில் பாட்டனார் காலத்துக் குடிசையை விட்டு வந்தவர்கள் வேறு சிலர். வாடகையும் குடும்பமும் பெருகப் பெருக, ரயில் பாதையைப் பற்றிக்கொண்டே வடகிழக்காக நகர்ந்து, நாங்கள் எல்லோரும் இங்கே வந்து சேர்ந்தோம். ஆகவே பம்பாய் மாநகரின் வீட்டு வசதியைப் பற்றிப் பேசும்பொழுது, எங்கள் சொந்தக் கதையையே பேசுவதாக நேயர்கள் கருதினால் அதில் தவறில்லை.

இந்த நகரத்தில் பொது ஸ்தாபனம் ஒன்று வீடு கட்ட முன்வந்ததற்குப் பிளேக் நோயே காரணம். 1896இல் அந்நோய் பரவியது. 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஏற்பட்டது. நெருக்கத்தைக் குறைப்பதற்காக அது வடக்கே வகுத்த மனைகளில்தான் தாதரும் மாதுங்காவும் உருவாயின. எழுத்து வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் அங்கே குடியேறினார்கள். பின்னர் 1920களில் பம்பாய் வளர்ச்சி இலாகா, வொர்லி, நைகாவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் தொழிலாளருக்காக 207 சால்களைக் கட்டிற்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 160 சதுர அடி கொண்ட ஓர் அறை. கழிப்பிடம் தாழ்வாரத்துக் கோடியில், எல்லோருக்கும் பொதுவாக. கட்டி முடித்த புதிதில் அவற்றில் பல அறைகள் ஆளின்றிக் கிடந்தன என்றால் இன்றைய பம்பாய்வாசி நம்பமாட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு வசதி வாரியம் பிறந்தது. செம்பூரிலுள்ள திலக் நகர், சுபாஷ் நகர் முதலிய குடியிருப்புகள் அவ்வாரியத்தின் கைவண்ணமே. 1977இல் இந்த வாரியத்தையும், பழுதுபார்க்கும் வாரியம் முதலியவற்றையும் ஒன்றாக்கி அமைத்த ஸ்தாபனத்தையே இன்று ‘மகாடா’ என்று ஊரார் சுருக்கமாக அழைக்கிறார்கள்.

மகாடா ஆண்டுதோறும் தன் வரவு செலவுத் திட்டத்தோடு, இத்தனை வீடுகள் கட்டுவோம் என்று ஓர் இலக்கையும் அறிவிக்கிறது. 2025-26ஆம் ஆண்டுக்கு மாநிலம் முழுவதும் 19,497 வீடுகள் என்று சொல்லப்பட்டது. இதில் மும்பை வாரியத்தின் பங்கு 5,199. எங்கள் டோம்பிவிலியும் தாணாவும் அடங்கிய கொங்கண் வாரியத்தின் பங்கு 9,902. நகரத்துக்குள் இடமில்லை, வெளியேதான் இடம் இருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. கல்யாணுக்கு அருகில் சிர்தோண், கோணி ஆகிய கிராமங்களில் அடுக்கு மாடிகள் எழுந்துள்ளன. வீடுகள் நல்லவையே. ஆனால் நிலையத்துக்குச் சென்று சேரும் ஷேர் ஆட்டோச் செலவையும், அதற்குப் பின் நின்றுகொண்டே செய்யும் ரயில் பிரயாணத்தையும் எந்த இலக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

இந்த வீடுகள் சீட்டுக் குலுக்கல் மூலம் வழங்கப்படுகின்றன. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 6 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்கள் ஒரு பிரிவு. 9 லட்சம் வரை, 12 லட்சம் வரை என மேலும் இரு பிரிவுகள். அதற்கு மேற்பட்டவர்கள் தனிப் பிரிவு. மகாராஷ்டிரத்தில் வசிப்பதற்கான சான்றிதழ் வேண்டும். நம்மவர்கள் பலர் இங்கே முப்பது ஆண்டு வாழ்ந்தும் அந்தச் சான்றிதழை வாங்கி வைப்பதில்லை. குலுக்கல் அறிவிப்பு வந்த பிறகுதான் தாசில்தார் கச்சேரிக்கு ஓடுகிறார்கள். மற்றொன்று: இந்த வீடுகளுக்குத் தரகர் எவரையும் நியமிக்கவில்லை என்று மகாடா ஒவ்வோர் அறிவிப்பிலும் சொல்லி வருகிறது. ஆயினும் ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்களை எங்கள் தெருவிலேயே காட்டலாம்.

பொது ஸ்தாபனத்தின் வீட்டை ஜனங்கள் ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள்? விலை ஒரு காரணம். பத்திரம் சுத்தமாக இருக்கும் என்னும் நம்பிக்கை அதைவிடப் பெரிய காரணம். கல்யாண்–டோம்பிவிலி நகராட்சி எல்லைக்குள், போலி அனுமதிப் பத்திரங்களைக் காட்டி அரசாங்கப் பதிவெண்ணே பெற்றுக் கட்டப்பட்ட 65 கட்டிடங்களை இடிக்கும்படி 2024 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வாங்கியவர்கள் வங்கிக் கடன் எடுத்து, நகையை விற்று, முறைப்படி பதிவு செய்து குடிபுகுந்தவர்கள். கடனுக்கான மாதத் தவணை நிற்கவில்லை; வீடுதான் நிற்குமா என்ற கேள்வி வந்துவிட்டது. அவர்கள் கண்ணெதிரே இருக்கும்பொழுது, குலுக்கலில் பெயர் வந்த குடும்பம் இனிப்பு வழங்குவதில் வியப்பில்லை.

புதிய வீடுகளைப் பற்றி இவ்வளவு போதும். எங்கள் எண்ணத்தில், வாரியத்தின் பணிகளுள் கடினமானதும், அதிகமாகப் பேசப்படாததும் பழைய வீடுகளைத் தாங்கிப் பிடிக்கும் பணியே. 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய வாடகையை உயராமல் நிறுத்தி வைத்தது. குடித்தனக்காரர் பிழைத்தார், ஆனால் அந்த வாடகையில் சுண்ணாம்பு அடிக்கவும் முடியாத உரிமையாளர் கட்டிடத்தைக் கைவிட்டார். கட்டிடங்கள் இடிந்து விழத் தொடங்கின. எனவே 1969இல் தனிச் சட்டம் செய்து, தீவு நகரத்திலுள்ள 19,642 கட்டிடங்களின் மீது ‘செஸ்’ என்னும் வரி விதித்து, அத்தொகையோடு அரசாங்கமும் நகராட்சியும் தரும் பணத்தைச் சேர்த்துப் பழுதுபார்க்க ஏற்பாடாயிற்று. அவற்றுள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவை 1940 செப்டம்பருக்கு முன்பே கட்டப்பட்டவை. மாதுங்காவின் பழைய கட்டிடங்கள் இந்த ஏற்பாட்டுக்குள் வருகின்றன. செம்பூர் வராது. டோம்பிவிலியோ தீவு நகரத்துக்கு எவ்வளவோ தொலைவு. இங்கே பழைய கட்டிடம் ஆட்டம் கண்டால் நகராட்சி அறிவிப்பு ஒட்டும், அவ்வளவே. 2015 மழைக்காலத்தில் பக்கத்துத் தாக்குர்லியில் ஒரு கட்டிடம் சரிந்து உயிர்கள் போனதை நாங்கள் மறக்கவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் பழுதுபார்க்கும் வாரியத்தார் கட்டிடங்களைச் சோதித்து, மிக அபாயமானவற்றின் பட்டியலை வெளியிடுகிறார்கள். அதிலுள்ளோர் ‘டிரான்சிட் கேம்ப்’ எனப்படும் இடைத்தங்கல் வீடுகளுக்குச் செல்ல வேண்டும். பலர் செல்ல மறுக்கிறார்கள். பத்திரிகைகள் இதைப் பிடிவாதம் என்று எழுதுகின்றன. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இடைத்தங்கலுக்குப் போன குடும்பம் அங்கேயே பிள்ளை பெற்று, பேரனையும் பார்த்துவிட்ட கதைகள் இந்நகரில் ஏராளம். வெளியேறியவன் திரும்பி வந்ததைக் கண்ணால் கண்டால்தான் அடுத்தவன் வெளியேறுவான்.

அண்மையில் அப்படி ஒன்றைக் காண முடிந்தது. முன்னே சொன்ன வொர்லிச் சால்களைப் புதுப்பிக்கும் பொறுப்பை மகாடா ஏற்று, 2025 ஆகஸ்டு 14ஆம் தேதி 556 குடும்பங்களுக்குச் சாவி வழங்கியது. 160 சதுர அடிக்குப் பதிலாக 500 சதுர அடி, நாற்பது மாடிக் கட்டிடம், அதே இடம். தாழ்வாரத்தில் அண்டை வீட்டாரோடு கூடிப் பேசிய காலம் இனி வருமா, மின்தூக்கிக்கு ஆகும் மாதச் செலவை அவர்கள் எவ்விதம் சமாளிப்பார்கள் என்பவை வேறு கேள்விகள். குடும்பங்கள் திரும்பி வந்தன.

மாதுங்காவிலோ வேறெங்கோ இன்னும் பழைய கட்டிடத்தில் இருக்கும் உறவினர் நம்மில் பலருக்கு உண்டு. பட்டியலில் அவர்கள் கட்டிடம் வந்திருந்தால், மழை பிடிக்குமுன் அவர்களைப் பார்த்துவரச் செல்லுங்கள். பழைய வாடகை ரசீதுகள், காலி செய்யச் சொல்லி வாரியம் கொடுத்த அறிவிப்பு, மின்சார பில், குடும்ப அட்டை, இவற்றின் நகல்களை அவர்கள் வீட்டில் ஒன்றும் உங்கள் வீட்டில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுகள் கடந்து திரும்பும் நாளில், அந்த அறை அவர்களுடையது என்று காட்டுவதற்கு அந்தக் காகிதங்கள்தான் இருக்கும்.