தேரும் ஜீப்பும்



நெய்தல் திணைப் பாடல்களில் தலைவனின் தேர் கானற்சோலை வழியே வரும். சக்கரம் மணலில் அழுந்தும். மணியோசை கேட்டு ஊர் அலர் தூற்றும். அந்தத் தேர் இன்று எங்கே? கோயில் வீதியில் மட்டுமே காண்கிறோம். சொல் பிழைத்துக்கொண்டது, வண்டி மறைந்துவிட்டது.

சிலாபம், உடப்பு, கற்பிட்டி எனத் தொடரும் எங்கள் கரையோரத்தின் மணற்பாதைகளில் அந்தத் தேரின் இடத்தைப் பிடித்தது பழைய லாண்ட் றோவர். ஆனால் அப்பெயரைச் சொல்பவர் குறைவு. எல்லாமே 'ஜீப்'தான். ஜீப் என்பது அமெரிக்க வண்டியின் பெயர். ஒத்த தன்மையால் மற்றொன்றுக்கு ஆகி வந்தமையால் இதனை உவமையாகுபெயர் எனலாம்.

இந்த வண்டியின் பிறப்பும் மணலில்தான். 1947இல் வேல்ஸ் நாட்டு அங்கிள்சிக் கடற்கரையில், மொறிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலாளர் அதன் உருவை மணலில் கீறிக் காட்டினார் என்பர். 1948இல் அது அம்ஸ்ரடாம் கண்காட்சிக்கு வந்தது. போர் முடிந்த காலம், உருக்குக்குத் தட்டுப்பாடு. ஆகவே உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். அந்த வழியில் வந்த கடைசி வண்டி 2016 ஜனவரி 29ஆம் திகதி சொலிஹல் ஆலையில் உருவானது. அதற்குள் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்துவிட்டன.

இங்கே அவை ஏன் அருகி வருகின்றன? உப்புக் காற்றை அலுமினியம் ஓரளவு தாங்கும். ஆனால் அடியிலுள்ள சேசிஸ் இரும்பு. மேனி பார்வைக்கு நன்றாகவே இருக்க, எலும்பு உக்கிப்போகிறது. எஞ்சின் தேய்ந்தபோது யப்பானிய டீசல் எஞ்சினைப் பூட்டி ஓட்டினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வண்டிகளுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. 2022இன் எரிபொருள் வரிசைகளோ பெற்றோல் வண்டிகளை முற்றத்தில் நிறுத்திவைத்தன. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்தது. இனிப் பழையதைத் திருத்துவதற்குப் பொறுமை யாருக்கு?

ஜீப் எல்லோருக்கும் இனிய நினைவன்று. எழுவன்குளத்தில் கலா ஓயாவின் சப்பாத்துப் பாலத்தை வெள்ளம் மூடும் மாரியிலும், நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றிச் செல்ல மக்கள் நம்பியது ஜீப்பைத்தான். போர்க்கால இரவுகளில் அதே ஜீப்பின் சத்தம் கேட்டு விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கி இருந்த வீடுகளும் உண்டு. உதவிக்கு வருகிறதா, பிடித்துச் செல்ல வருகிறதா என்பது வாசலில் வந்து நிற்கும்வரை தெரியாது. 'ஜீப் வருகிறது' என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு தலைமுறையின் நம்பிக்கையும் நடுக்கமும் சேர்ந்தே இருக்கின்றன.

வண்டியைச் சேகரிப்பாளர் காப்பாற்றுவார். நூதனசாலையிலும் ஒன்றை நிறுத்திவைக்கலாம். இந்த அனுபவத்தை யார் காப்பாற்றுவது? நம் சிறுகதைகளில் மாட்டுவண்டிக்குக் கிடைத்த இடம் ஜீப்புக்குக் கிடைக்கவில்லை. எஞ்சின் ஓசையைக் கேட்டே குறை சொல்லும் கராஜ்காரரும், மணலில் டயர்க் காற்றைக் குறைத்து வண்டியை மீட்ட சாரதியும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மாணவர்களே, அவர்களிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் வழங்கும் சொற்களிலேயே எழுதி வையுங்கள். சங்கத் தேரின் மணியோசை நமக்குக் கேட்பது, அன்று ஒருவர் அதை எழுதி வைத்ததனால்தானே?