விலையின் போக்கும் அளவறிந்த வாழ்வும்



பங்கு ஏறுமா, தங்கம் இறங்குமா, டாலர் எங்கே நிற்கும் என்னும் வினாக்கள் இன்று இல்லந்தோறும் எழுகின்றன. பணிக்கொடையைப் பேணிக் காக்கும் முதியவரும், மகளின் திருமணத்திற்குச் சேமிக்கும் தந்தையும் ஒரு சொல்லில் விடையை எதிர்பார்க்கின்றனர். அதைத் துணிந்து உரைப்போர்க்கும் குறைவில்லை. எப்பொருளையும் பல கோணங்களில் ஆராய்ந்து, ‘ஒரு நோக்கில் இவ்வாறு’ என அளந்து சொல்வதே அநேகாந்தம் கற்பிக்கும் நெறி. அந்நெறியைத் துணைக்கொண்டு சந்தையின் வரலாற்றைக் காண்பது தகும்.

முதலில் ஜப்பான். 1989 டிசம்பர் 29 அன்று டோக்கியோவின் நிக்கி குறியீடு 38,915 புள்ளிகளில் நிறைவுற்றது. நிலவிலையும் பங்குவிலையும் இனி இறங்கா என நம்பி வங்கிகள் கடனை வாரி வழங்கிய காலம் அது. மைய வங்கி வட்டியை உயர்த்தியது, விலைகள் சரிந்தன. 2009 மார்ச்சில் குறியீடு 7,054 ஆகத் தாழ்ந்தது. பழைய உச்சத்தை அது மீண்டும் கடந்த நாள் 2024 பிப்ரவரி 22. முப்பது வயதில் உச்சவிலைக்கு வாங்கியவர், ஈவுத்தொகை நீங்கலாக, தம் முதலைத் திரும்பக் காண அறுபத்து நான்கு வயது ஆயிற்று.

அமெரிக்காவும் இதற்கு விலக்கன்று. 1929 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் குறியீடு 381 புள்ளிகளைத் தொட்டது. பங்குவிலைகள் நிலையான உயர்தளத்தை எய்திவிட்டன என அக்டோபரில் உரைத்தவர் பொருளியல் பேரறிஞர் இர்விங் பிஷர். அம்மாதமே சந்தை சரிந்தது. அவர்தம் செல்வமும் கரைந்தது. 1932 ஜூலையில் 41 புள்ளிகளுக்கு இறங்கிய குறியீடு, பழைய உச்சத்தை எட்ட 1954 நவம்பர் வரை காத்திருந்தது. பேரறிவும் நாளைய விலையை அறிவிக்கவில்லை.

தங்கமோ அசையாச் செல்வம் எனக் கருதப்படுவது. 1980 ஜனவரியில் ஓர் அவுன்சு 850 டாலராக உயர்ந்த தங்கம், 1999-இல் ஏறத்தாழ 250 டாலருக்கு இறங்கியது. 850 டாலரை மீண்டும் கண்டது 2008-இல்தான். அண்மைக் காலத்தில் 2022 முதல் 2024 வரை மைய வங்கிகள் ஆண்டுதோறும் ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கியமை விலையை உயர்த்திய காரணங்களுள் ஒன்று. வாங்குவோர் தயங்கினால் அதே காரணம் எதிர்த்திசையில் இயங்கும்.

நாணயம் நான்காவது நோக்கு. 2012 இறுதியில் 10,395 ஆக இருந்த நிக்கி, 2024 பிப்ரவரியில் 39,098 ஆயிற்று. யென்னில் கணக்கிட்டால் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதே காலத்தில் டாலருக்கு 86 என்றிருந்த யென் 150 ஆகத் தளர்ந்தமையால், டாலரில் கணக்கிட்ட அமெரிக்கருக்கு அது இரு மடங்கிற்குச் சற்றே மிகுதி. ஒரே பங்கு, ஒரே காலம், விடைகள் இரண்டு. இரண்டும் மெய்.

இவை அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்தவை. குறைந்த வட்டிக்கு யென்னில் கடன் பெற்று, டாலராக மாற்றி, அமெரிக்கப் பங்குகளில் இட்டோர் பலர். 2024 ஜூலை 31 அன்று ஜப்பானின் மைய வங்கி வட்டியை 0.25 விழுக்காடாக உயர்த்தியது. யென் வலுப்பெற்றது, அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கும் சோர்வளித்தது. கடனைத் தீர்க்கப் பலரும் ஒருங்கே விற்றனர். ஆகஸ்டு 5 அன்று நிக்கி 12.4 விழுக்காடு வீழ்ந்தது. மறுநாளே 3,217 புள்ளிகள் மீண்டது. அஞ்சி விற்றவர்க்கு அம்மீட்சி பயன்படவில்லை.

ஆகவே, ‘வட்டி உயர்ந்தால் இவ்வாறு, யென் வலுத்தால் அவ்வாறு’ எனக் கூறும் கணிப்பையே செவிமடுக்க வேண்டும். நிபந்தனையின்றி உறுதி கூறுவோரை விட்டு விலகுதல் நன்று.

விலை எவர் ஆளுகைக்கும் உட்படாதது. வேட்கையின் வரம்போ அவரவர் ஆளுகைக்கு உட்பட்டது. இல்லறத்தாரின் அணுவிரதங்கள் ஐந்தனுள் ஒன்றான மிகுபொருள் விரும்பாமை இங்கே வழிகாட்டுகிறது. சில ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைச் சந்தையில் இடாதிருத்தல், கடன் பெற்றுப் பங்கு வாங்காதிருத்தல், முழுச் செல்வத்தையும் ஒன்றிலேயே குவிக்காதிருத்தல், பங்கிற்கும் தங்கத்திற்கும் உரிய அளவை முன்னரே வரைந்து அதைக் கடந்தவிடத்து விற்றுக் குறைத்தல் ஆகிய நான்கும் அவ்விரதத்தின் இன்றைய வடிவங்கள். வரம்பைக் கடந்து வளர்வது உணவு, மருந்து, அடைக்கலம், நூல் என்னும் நால்வகைத் தானத்திற்கு உரியது. அளவு வரைந்த இல்லத்தில், சந்தை வீழ்ந்த இரவிலும் உறக்கம் கெடாது.

அறம் வளர்க.